பட்டாணி உரிக்க எல்லோரும் உட்காருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1983இல் கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவள் நான். சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிடைமருதூர். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. குளிர்காலக் காய்கள் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கும் இந்த நவம்பர் வாரத்தில் எழுதாவிட்டால், அப்புறம் அடுத்த வருடம்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் கணவர், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன். போன குளிர்காலம் வரை இந்த ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் ஏழரை மணிக்கே இரண்டு சப்பாத்தி ஆகிவிட வேண்டும். பேரன் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவான். மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அவளுடைய மீட்டிங் ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். மகன் நொய்டாவிலிருந்து வந்து சேர ஒன்பதரை ஆகும். நான் கடைசியில், மேடை துடைத்துக்கொண்டே, நின்றபடி சாப்பிடுவேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் வேலை அப்படி. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, பேரன் பள்ளியில் என்ன நடக்கிறது என்பது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

இதை மாற்றியது ஐந்து கிலோ பட்டாணி.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மயூர் விஹார் பக்கத்து வாரச் சந்தையில் பச்சைப் பட்டாணி மலைபோல் குவிந்திருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் கிலோ 80 ரூபாய் சொன்னவர்கள் இப்போது 30 ரூபாய்க்கு இறங்கியிருந்தார்கள். “மாதாஜி, பாஞ்ச் கிலோ லே லோ, 25 லகா தூங்கா” என்றார் கடைக்காரர். ஐந்து கிலோ எடுத்தால் கிலோ 25 ரூபாய் போட்டுத் தருகிறேன் என்று அர்த்தம். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கட்டை விரல் மூட்டு வலி நினைவுக்கு வந்தது. ஒண்டியாக உரித்தால் ராத்திரி வரை ஆகும். பால்கனியில் வெயில் விழும் இடத்தில் பாயை விரித்து, நடுவில் பெரிய தாம்பாளத்தை வைத்து, “எல்லோரும் வாங்க, என்னால் முடியவில்லை” என்று கூப்பிட்டேன். முதலில் வந்தவர் என் கணவர். அவரைப் பார்த்து மகன் வந்தான். பேரன் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தான். மருமகள் லேப்டாப்பை மூடிவிட்டு வந்தாள்.

பட்டாணி உரித்தவர்களுக்குத் தெரியும். நெற்றின் நுனியைக் கிள்ளி, விளிம்பில் கட்டை விரலை வைத்து அமுக்கினால் ‘டப்’ என்று வாய் பிளக்கும். உள்ளே ஏழோ எட்டோ மணிகள், ஒன்று இந்தப் பக்கத்து ஓட்டில், அடுத்தது அந்தப் பக்கத்து ஓட்டில் என்று மாறி மாறி ஒட்டிக்கொண்டிருக்கும். விரலை அப்படியே ஓட்டினால் பொலபொலவென்று தாம்பாளத்தில் விழும். என் பேரன் ஃப்ரைட் ரைஸில் கிடக்கும் பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைக்கிற பிள்ளை. அன்று ஒரு நெற்றில் ஒன்பது மணி எண்ணினான். “பாட்டி, பத்து இருக்குமா?” என்று அடுத்ததை எடுத்தான். பத்து கிடைக்கவில்லை. ஆனால் எண்ணிய மணிகளில் பாதி அவன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. “இது இனிக்குதே!” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தாமாகச் சாப்பிடும்போது நாம் பேசாமல் இருப்பதுதான் நல்லது.

ஒன்றரை மணி நேரம் அந்தப் பாயில் இருந்தோம். ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் சின்னப் பையனாக இருந்தபோது, பட்டாணித் தோலைத் தெருமாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டு, அது பின்னாலேயே மூன்றாம் மாடிப் படி வரை வந்துவிட்டதை என் மகன் அவன் பிள்ளைக்குச் சொன்னான். வகுப்பில் ஒரு பையன் தன்னைக் குண்டன் என்று கூப்பிடுவதைப் பேரன் எங்களிடம் சொன்னான். இரண்டு மாதமாக நடந்த விஷயம்! எதிரே உட்காரவைத்து “என்னடா விஷயம்” என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். கையில் வேலை இருந்தது, கண் தாம்பாளத்தில் இருந்தது, வாய் தானாகத் திறந்தது.

அன்று ராத்திரி மருமகள் நிமோனா செய்தாள். அவள் லக்னோக்காரி. பாதிப் பட்டாணியை அரைத்து வதக்கி, மீதியை முழுசாகப் போட்டு, உருளைக்கிழங்கு சேர்த்துச் செய்கிற குழம்பு. அவர்கள் ஊர்க் குளிர்காலச் சமையல். சுடுசோறும் நிமோனாவுமாக ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவரவர் உரித்தது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கிற ஆசை எல்லோருக்கும் இருந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையோடு வாரத்தில் இன்னும் இரண்டு ராத்திரியாவது சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். அந்த நாட்களில் மகன் சீக்கிரம் கிளம்பி வருகிறான்.

பேரனுக்கு இனித்ததற்குக் காரணம் உண்டு. பட்டாணியைச் செடியிலிருந்து பறித்த நிமிடத்திலிருந்து அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. நாளாக ஆக இனிப்புப் போய் மாவாகிவிடும். ஜனவரியில் தில்லியைச் சுற்றியுள்ள வயல்களிலிருந்தே வருவதால்தான் அந்த ருசி. கீரைக்கும் இது பொருந்தும். வைத்திருக்க வைத்திருக்க அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். உறையவைத்த பட்டாணியில் சத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பறித்தவுடன் பதப்படுத்துவதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அவசரத்துக்கு நானும் வாங்குகிறேன். ஆனால் அந்தப் பாக்கெட்டைச் சுற்றி யாரும் பாய் போட்டு உட்கார மாட்டார்கள்.

இதை நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தில்லிக்கு வந்து முதல் எட்டு வருடம் நான் ‘நம்ம காய்’ மட்டுமே சமைத்தேன். இரண்டு பஸ் மாறி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைக்காய் வாங்கி வருவேன். வாசலில் தள்ளுவண்டி நிறையப் பசேலென்று கீரை போகும். அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நமக்குத் தெரியாத கீரை என்று ஒரு தயக்கம். 1991 டிசம்பரில் என் அம்மா வந்திருந்தார். வண்டிக்காரர் ‘பத்துவா, பத்துவா’ என்று கூவிக்கொண்டு போனார். அம்மா இறங்கிப் போய் ஒரு கட்டைக் கையில் எடுத்து, இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் மாவு தூவினாற்போல் வெள்ளையாக இருந்ததை விரலால் தேய்த்தார். “அடியே, இது நம்ம சக்கரவர்த்திக் கீரைடி! இத்தனை வருஷமா இதை விட்டுட்டு என்னத்தைச் சமைச்சே?” என்றார். அன்று சாயங்காலமே பருப்பு போட்டு மசித்து, நெய்யில் சீரகமும் மிளகாய் வற்றலும் தாளித்தார். திருவிடைமருதூர் வீட்டு அடுக்களை வாசனை ஆர்.கே. புரத்து இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம்தான் பெயர்களை விசாரிக்க ஆரம்பித்தேன். கோடையில் வரும் குல்ஃபா நம் பருப்புக்கீரை. சௌலாயி தண்டுக்கீரை வகை. லவுக்கி சுரைக்காய், தோரி பீர்க்கங்காய். தில்லியில் சீதாஃபல் என்று கேட்டால் பரங்கிக்காயைத் தருவார்கள். நம் சீதாப்பழத்துக்கு இங்கே ஷரீஃபா என்று பெயர். இவையெல்லாம் தெரியாமல் புதிதாக வந்த எத்தனையோ பெண்கள் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தக்காளியையும் மட்டுமே மாற்றி மாற்றிச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வேலைக்கென்று வந்து தனியாக அறை எடுத்திருக்கும் பையன்களும் அப்படித்தான்.

ஊரில் இருந்தவரை எனக்குப் பருவம் என்பது இவ்வளவு பளிச்சென்று தெரிந்ததில்லை. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வருடத்தில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். தில்லியில் சந்தை மாதத்துக்கு ஒரு முகம் காட்டுகிறது. தீபாவளிக்கு முன்பின் சிங்காரா வரும். குளத்துத் தண்ணீரில் விளைகிற, கொம்பு முளைத்தாற்போன்ற காய். அப்புறம் வெள்ளை முள்ளங்கி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, நெல்லிக்காய். கரியில் சுட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து தரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சிவப்புக் கேரட் வந்துவிட்டால் குளிர் நிலைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சிவப்பு லைக்கோபீன் என்கிற சத்திலிருந்து வருவது. தக்காளிக்கும் தர்பூசணிக்கும் நிறம் கொடுப்பதும் அதுதான். ஆரஞ்சுக் கேரட்டில் பீட்டா கரோட்டின் அதிகம். இப்படி மாதத்துக்கு மாதம் வண்டியில் வருவதை வாங்கினாலே தட்டில் நிறமும் சத்தும் தானாக மாறிக்கொண்டே இருக்கும். தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

பழத்துக்கும் இதையே சொல்வேன். போன டிசம்பரில் பேரனின் பிறந்தநாளுக்கு, அவன் ஆசைப்பட்டான் என்று ஃபோனில் ஆர்டர் செய்து மாம்பழம் வரவழைத்தோம். பத்தே நிமிடத்தில் வந்தது. மூன்று பழம், 450 ரூபாய். நறுக்கினால் உள்ளே நார், வாயில் போட்டால் புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. அவன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு வைத்துவிட்டான். பணம் போனதைவிட, மாம்பழம் என்றால் இவ்வளவுதான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வானே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. எதையும் எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்று ஆன பிறகு, எதற்கும் காத்திருக்கிற சந்தோஷம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஆகவே இந்த வருடம் காத்திருந்தோம். சித்திரையில் முதலில் வந்தது சஃபேதா. ஆந்திராவிலிருந்து வரும் நம் பங்கனபள்ளிதான், தில்லியில் அந்தப் பெயர். ஜூனில் தசேரி. சம்பந்தி வீட்டிலிருந்து, லக்னோ பக்கத்து மலிஹாபாத் தோட்டத்துப் பெட்டி வந்தது. காக்கோரிக்குப் பக்கத்தில் தசேரி என்ற கிராமம் இருக்கிறது. அதன் பெயர்தான் பழத்துக்கு வந்தது என்று மருமகள் பேரனுக்குச் சொன்னாள். அப்புறம் லங்கடா, கடைசியில் மழையோடு சௌஸா. நடுவில் ஒரு நாள் ஆம்ரபாலி வாங்கினோம். தில்லி பூசா வளாகத்தில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான பழம் அது. எங்கள் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் இயக்குநராக இருந்த நிறுவனம். வடக்கத்தித் தசேரியையும் தெற்கத்தி நீலத்தையும் சேர்த்து உண்டாக்கிய ரகம் இது. அதே இரண்டையும் தாய் தந்தை மாற்றிச் சேர்த்தது மல்லிகா. இதைச் சொன்னதும் பேரன் தன் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்போ நானும் ஆம்ரபாலியா?” என்றான். அவன் அம்மா அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சர்க்கரை இருக்கிறவர் மாம்பழம் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். என் கணவர் தனியாக இருந்தால் ஒரு முழுப் பழத்தை யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுவார். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு பழத்தை நறுக்கினால் அவருக்கு இரண்டு கீற்று. அதுவும் ராத்திரிச் சாப்பாட்டோடு இல்லை, பகலில். இந்தக் கோடையில் அவருக்கு மாம்பழ ஆசையும் தீர்ந்தது, டாக்டரிடம் திட்டும் வாங்கவில்லை. அவரவர் உடம்புக்கு எவ்வளவு என்பதை அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அளவு காத்தது பங்குதான்.

ஜூலையில் நாவல்பழம். இந்தியா கேட் பக்கத்துச் சாலைகளிலும் அசோகா ரோட்டிலும் வரிசையாக நாவல் மரங்கள். புதுதில்லியைக் கட்டியபோது நிழலுக்காக நட்டவை. பிளாட்பாரத்தில் உப்புத் தூவிக் கொடுப்பார்கள். பேரனை அழைத்துக்கொண்டு போய், மரத்தடியில் விழுந்து கிடந்த பழங்களைக் காட்டி, சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் ஔவையிடம் கேட்ட கதையைச் சொன்னேன். அவன் ஒன்றை எடுத்து மண்ணை ஊதிப் பார்த்தான். குளிர்காலத்தில் நெல்லிக்காய் வாங்கும்போது அதியமான் கதை சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசித்தவன், “ஔவைப் பாட்டிக்குப் பழம்னா ரொம்பப் பிடிக்குமா?” என்று கேட்டான். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் எவ்வளவு சொன்னாலும் ஏறாத கதை, நாக்கு ஊதா நிறமாக ஆன அன்று ஏறிவிட்டது.

ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் உணவு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி அளவில் சாப்பிடுகிறவருக்குக் காயும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்று அதில் இருக்கிறது. 400 கிராம் எவ்வளவு இருக்கும் என்று சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். நாங்கள் ஒரு ஆள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. ஐந்து பேருக்கு என்றால் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ காய். பருவம் தப்பி விற்கும் காயில் இவ்வளவு வாங்கினால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. கொட்டிக் கிடக்கும் மாதத்தில், கொட்டிக் கிடப்பதை வாங்கினால் முடியும். இரண்டு கிலோ காயை ஒருத்தி தினமும் நறுக்குவதும் முடியாத காரியம், அதையும் சொல்லிவிடுகிறேன். கத்தி பிடிக்க இன்னும் இரண்டு கை வேண்டும். எங்கள் வீட்டில் மகன் வெந்தயக்கீரை ஆய்கிறான். முதல் நாள் தண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டான். இப்போது என்னைவிடச் சுத்தமாக ஆய்கிறான்.

ஒரு எச்சரிக்கை. கோடையில் சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் நறுக்கும்போது நுனியில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாறு உயிருக்கே ஆபத்தாகலாம். உடம்புக்கு நல்லது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்கவே கூடாது.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். உங்கள் தில்லிப் பதிப்பில் வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், சின்னதாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அந்த வாரம் சந்தைக்கு என்ன புதிதாக வந்திருக்கிறது, இந்தியில் என்ன பெயர், தமிழில் என்ன பெயர், நம் வழியில் எப்படிச் சமைப்பது. நான்கைந்து வரி போதும். காஜிப்பூர், ஆசாத்பூர் மண்டி விலையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. புதிதாகத் தில்லிக்கு வருகிற குடும்பத்துக்கு அது எத்தனை உதவியாக இருக்கும் என்பது எட்டு வருடம் ஐ.என்.ஏ.வுக்கு பஸ் ஏறிய எனக்குத் தெரியும்.

முதல் வாரத்துக்கு நானே எழுதித் தருகிறேன். மூலி: முள்ளங்கி. இலையை எறிய வேண்டாம். பாசிப்பருப்போடு பொரியல் செய்யலாம். மேத்தி: வெந்தயக்கீரை. சாம்பாரில் போட்டால் வீடே மணக்கும். ஷகர்கந்தி: சர்க்கரைவள்ளி. ஆவியில் வேகவைத்துச் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆம்லா: நெல்லிக்காய். தேங்காய், பச்சைமிளகாய், தயிரோடு அரைத்துப் பச்சடி. அம்ரூத்: கொய்யா. சிங்காரா: இதற்கு எங்கள் ஊரில் பெயர் கேட்டதில்லை. உங்கள் வாசகர்களில் யாருக்காவது தமிழ்ப் பெயர் தெரிந்தால் எழுதட்டும். தோலை உரித்துப் பச்சையாகவே சாப்பிடலாம், ஆனால் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும்.

பட்டாணி இன்னும் விலை இறங்கவில்லை. தை பிறக்கட்டும். பேரன் பத்து மணி உள்ள நெற்றுக்காக இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
மங்களம்
மயூர் விஹார் முதல் பகுதி, தில்லி